பூனைக்காலி விதையும் நடுக்குவாதமும்

மதுக்கரைப் பக்கத்து மலையடிவாரப் புதர்களில் படர்ந்து கிடக்கும் பூனைக்காலிக் கொடியை ஆடு மேய்ப்பவர்கள் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள். காயின் மேலிருக்கும் பொன்னிறச் சுணை பட்டால் அரிப்பு உயிரை வாங்கிவிடும். அந்தக் காயின் விதையிலிருந்து 1937-இல் சென்னையில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். நடுக்குவாதத்துக்கு அதுவே மருந்தாகும் என்று அன்றைக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது.

நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் நோயை லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-லேயே விவரித்துவிட்டார். நடுமூளையில் கருமை படிந்த சிறு பகுதி ஒன்று டோபமைனைச் சுரக்கிறது. உடல் அசைவைத் தொடங்கவும் சீராக நடத்தவும் அது வேண்டும். அந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடிவதுதான் நோய். சிலருக்கு மரபணு காரணம். பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளோடும் தொடர்பு பேசப்படுகிறது. பெரும்பாலோருக்கு இன்னதுதான் என்று ஒன்றைச் சுட்ட முடிவதில்லை.

“கை ஆடுதுங்க” என்று வருகிற எல்லோருக்கும் இந்த நோய் கிடையாது. காபி டம்ளரைத் தூக்கும்போது இரண்டு கையும் நடுங்கி, அப்பாருக்கும் அப்படியே இருந்தது என்றால், அது அநேகமாகக் குடும்பவழி நடுக்கம். பார்க்கின்சனில் மடியில் சும்மா கிடக்கும் கைதான் ஆடும், அதுவும் ஒரு பக்கமாகத் தொடங்கும். நடுக்கமே வராதவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் நடுக்கத்தைவிட மந்தத்தைத்தான் கவனிக்க வேண்டும். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது, நடக்கும்போது ஒரு கை வீசாமல் நிற்கிறது, கையெழுத்து வரவரச் சிறுத்து பேங்கில் திருப்பி அனுப்புகிறார்கள். “வயசாயிருச்சுங்க” என்று வீட்டில் தள்ளிவிடுவது இதைத்தான். வாசனை தெரியாமல் போவதும் மலச்சிக்கலும் இதற்குப் பல வருடம் முன்பே வந்திருக்கும். கிறுகிறுப்புக்கு மாதக்கணக்கில் விழுங்கும் சின்னரிசின் மாத்திரையாலும் இதே மந்தம் வரலாம். மருத்துவர் அதை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மருந்துக்கான வழியைத் திறந்ததும் ஒரு மூலிகைச் சரக்குதான். சர்ப்பகந்தியில் இருக்கும் ரெசர்பைனை அர்விட் கார்ல்சன் சுவீடனில் முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுப் போயின. டோபாவை (லெவோடோபா இதன் ஒரு வடிவம்) ஊசியில் ஏற்றியதும் எழுந்து நடமாடின. அது 1957. இதற்கெல்லாம் சேர்த்து 2000-இல் நோபல் கிடைத்தது. டோபமைனையே கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழைந்து, உள்ளே போய் டோபமைனாக மாறும். 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் டோபாவை வாய்வழியாக, படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து அமெரிக்காவில் நோயாளிகளை நடக்க வைத்தார்.

அப்படியானால் நாட்டு மருந்துக்கடைச் சூரணமே போதாதா? லண்டனில் எட்டு நோயாளிகளிடம் பூனைக்காலி விதைத் தூளைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். வழக்கமான மாத்திரையைவிட அது சீக்கிரம் வேலை செய்தது. ஆனால் அங்கே தூள் அளந்து கொடுக்கப்பட்டது. கடைப் பொட்டலத்தில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையில் கூடவே இருக்கும் கார்பிடோபா, லெவோடோபா மூளைக்கு வெளியிலேயே மாறிவிடாமல் தடுக்கிறது. சூரணத்தில் அது இல்லாததால் குமட்டலும் வாந்தியும் வரலாம். ஆண்மைக்கு என்று விற்கும் லேகியங்களிலும் இந்த விதை சேர்கிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் அதையும் தின்றால் இரண்டும் கூடி, கையும் கழுத்தும் தானாக நெளிய ஆரம்பிக்கலாம். லேகியம் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்ளக்கூடியவர்கள்.