சூடாமணி விகாரம், நாகப்பட்டினம்

ஸ்ரீவிஜய மன்னர் மாறவிஜயோத்துங்கவர்மர் தம் தந்தை சூளாமணிவர்மர் பெயரால் எழுப்பிய பௌத்தப் பள்ளி இது. முதலாம் இராஜராஜ சோழர் 1006-இல் ஆனைமங்கலம் ஊரின் வருவாயை இதற்கு அளித்ததை லெய்டன் செப்பேடுகள் தெரிவிக்கின்றன.

இப்பள்ளியோடு தொடர்புடையதாகக் கருதப்படும் செங்கல் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. ‘சீனக் கோபுரம்’ என்று அழைக்கப்பட்ட அது மாலுமிகளுக்குக் கரையடையாளமாகப் பயன்பட்டது. பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் 1846-இல் பார்த்தபோது மூன்று நிலைச் சுவர்கள் இருந்தன, கூரை இல்லை.

அப்பகுதியில் குடியேறிய இயேசு சபையினர், 1867-இல் அரசின் அனுமதியுடன் கோபுரத்தை இடித்தனர்.

1856 முதல் நாகப்பட்டினத்தில் கிடைத்த சுமார் 350 பௌத்த வெண்கலப் படிமங்களில் பல, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன.