திரும்பப் பெறாத மசோதா

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாடாளுமன்றத்தின் முகமே மாறிவிடும். காலையில் கேள்வி நேரத்தில் நிரம்பியிருந்த வரிசைகள் வெறிச்சோடும். சனி, ஞாயிறு ஊரில் கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று இருப்பவர்கள் விமான நிலையத்துக்குப் புறப்பட்டிருப்பார்கள். மாநிலங்களவையில் அந்த நேரத்தில்தான், இரண்டரை மணிக்கு, தனிநபர் அலுவல் தொடங்கும். அமைச்சர் பதவியில் இல்லாத எந்த உறுப்பினரும் தன் பெயரில் ஒரு மசோதாவையோ தீர்மானத்தையோ கொண்டுவரலாம். வாரத்தில் அதற்கென்று ஒதுக்கியிருப்பது அந்த இரண்டரை மணி நேரம்தான்.

அந்த நேரத்துக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. உறுப்பினர் தன் மசோதாவை விளக்கிப் பேசுவார். மற்ற கட்சிக்காரர்கள் ஆதரித்துப் பேசுவார்கள். கடைசியில் அமைச்சர் எழுவார். உறுப்பினரின் அக்கறையை அரசு மதிக்கிறது, அரசே இதற்கு ஆவன செய்துகொண்டிருக்கிறது, எனவே மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பார். உறுப்பினர் நன்றி சொல்லித் திரும்பப் பெறுவார். பேசியதெல்லாம் அவைக் குறிப்பில் அச்சாகும். சட்டப் புத்தகத்தில் ஒரு வரி ஏறாது.

2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சமூகநீதித் துறை அமைச்சர் தாவர்சந்த் கெலாட் எழுந்து அதே வேண்டுகோளை வைத்தார். தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா திரும்பப் பெற மறுத்தார்.

அவர் கையில் இருந்தது திருநர் உரிமைகள் மசோதா, 2014. முந்தைய டிசம்பரில் அறிமுகம் செய்திருந்தார். 58 பிரிவுகள். கல்வி நிலையங்களிலும் அரசு வேலையிலும் திருநருக்கு 2 சதவீத இடஒதுக்கீடு, தேசிய அளவிலும் மாநிலங்களிலும் ஆணையங்கள், வழக்குகளை விசாரிக்கத் தனி நீதிமன்றங்கள் என்று ஒரு முழுச் சட்டத்துக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் எழுதப்பட்ட மசோதா. தனிநபர் மசோதாக்கள் பல, இருக்கிற சட்டத்தில் ஒரு சொல்லைச் சேர், ஒரு வரியை நீக்கு என்று ஒன்றிரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். இந்த மசோதா அந்த ரகம் இல்லை.

அந்தச் சமயத்தில் தி.மு.க. இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். 2014 மக்களவைத் தேர்தலில் அக்கட்சி ஓர் இடத்தில்கூட வெல்லவில்லை. மாநிலங்களவையில் அதற்கு இருந்தவர்கள் நான்கே பேர். கூட்டணி பலத்தைக் காட்டியோ, ஆதரவை விலக்குவோம் என்று மிரட்டியோ எதையும் சாதிக்க முடியாத நிலை. அப்படிப்பட்ட கட்சியின் ஓர் உறுப்பினர், மத்திய அமைச்சர் நேருக்கு நேர் கேட்டும் இறங்கி வரவில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் அவை விதிகள் தந்த ஓர் உரிமை. ஒரு மசோதாவைக் கொண்டுவந்தவர் அதைத் திரும்பப் பெற மறுத்தால், அவை அதன்மீது வாக்களித்தே ஆக வேண்டும். சிவா வாக்கெடுப்பு கேட்டார்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. மாநிலங்களவையில் அப்போது ஆளும் கூட்டணிக்குப் பெரும்பான்மை இல்லை. போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை மாலை. குரல் வாக்கெடுப்பை ஏற்காமல் ஓர் உறுப்பினர் ‘டிவிஷன்’ கேட்டால் அதன்பின் எல்லாமே எண்ணிக்கைதான். மணி ஒலிக்கும், நடைக்கூடங்களிலும் கேன்டீனிலும் இருப்பவர்கள் ஓடி வருவார்கள், பிறகு கதவுகளைச் சாத்திவிடுவார்கள். உள்ளே இருக்கிறவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். யார் ஆம், யார் இல்லை என்பது பெயர் பெயராகப் பதிவாகும். திருநருக்கு உரிமை வேண்டாம் என்று தன் பெயரைப் பதிவு செய்ய அன்று எத்தனை பேர் துணிந்திருப்பார்கள்? அப்படித் துணிந்து வாக்களித்திருந்தாலும் அரசுத் தரப்பு தோற்றிருக்கும்.

அவை முன்னவரான அருண் ஜேட்லி குறுக்கிட்டது அந்தக் கட்டத்தில்தான். இப்படிப்பட்ட விஷயத்தில் அவை இரண்டாகப் பிரிந்து நிற்பது அழகல்ல, ஒரே குரலில் நிறைவேற்றலாம் என்ற கருத்தை அவர் சொன்னார். சங்கடத்திலிருந்து அரசைக் காப்பாற்ற அவர் கண்ட வழி அது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் ஓர் அவை ஒருமனதாகச் சொன்ன சொல்லுக்கு, ஐந்தாறு வாக்கு வித்தியாசத்தில் ஜெயிப்பதைவிட எடை அதிகம். அந்த எடையை அன்று கொடுத்தவர் ஜேட்லி. அதை மறைக்காமல் சொல்வதுதான் நியாயம்.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஒரு மசோதா நிறைவேறுவதைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் பலர் அலுத்துப்போய் ஒலியைக் குறைத்துவிடுவார்கள். அத்தனை முறை ஒரே வாசகம் வரும். முதலில், மசோதாவை ஆய்வுக்கு எடுக்கலாமா என்று தலைமையில் இருப்பவர் கேட்பார். அவை சம்மதித்தால் பிரிவு பிரிவாக எடுப்பார்கள். இரண்டாம் பிரிவிலிருந்து தொடங்கிக் கடைசிப் பிரிவு வரை போய், எல்லாம் முடிந்த பிறகே முதல் பிரிவுக்குத் திரும்பி வருவார்கள். சட்டத்தின் பெயர் அதில்தான் இருக்கிறது. குழந்தை நல்லபடியாகப் பிறந்த பிறகு பெயர் வைக்கிற மாதிரி. ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்கிறவர்கள் யார், மறுக்கிறவர்கள் யார் என்று கேள்வி. நம் சட்டப்பேரவையில் “ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க” என்று அழகான தமிழில் கேட்பார்கள். டெல்லியில் அதையே ஆங்கிலத்திலும் இந்தியிலும் கேட்கிறார்கள். கடைசியாக, மசோதாவை நிறைவேற்றலாமா என்ற கேள்வி.

அன்று மாலை துணைத் தலைவர் பி.ஜே.குரியன் இருக்கையில் இருந்தார். கடைசிக் கேள்விக்கு அவை ஒரே குரலில் ‘ஆம்’ என்றது. மறுப்பு ஒன்றும் வரவில்லை. மசோதா நிறைவேறியது.

அது எத்தனை அபூர்வம் என்பதற்கு ஒரு கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு நாடாளுமன்றத்தில் ஆயிரக்கணக்கில் தனிநபர் மசோதாக்கள் வந்திருக்கின்றன. இரு அவைகளையும் தாண்டிச் சட்டமானவை வெறும் 14. முதலாவது வக்ஃபு சொத்துகள் பற்றியது, 1954-இல் சட்டமானது. 1956-இல் ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்த மசோதா, நாடாளுமன்றத்தில் பேசப்படுவதை உண்மையாக வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பு தந்தது. நானும் நீங்களும் அவை நடவடிக்கைகளைப் பயமின்றி எழுதவும் படிக்கவும் முடிவதில் அந்த மனிதருக்கும் பங்கு உண்டு. கடைசியாகச் சட்டமானது 1970-இல், உச்ச நீதிமன்றத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு அதிகாரத்தை விரிவாக்கிய மசோதா. அதற்குப் பிறகு 45 ஆண்டுகளில் எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை. இன்னும் பின்னால் போனால், குழந்தைத் திருமணத்துக்கு எதிரான 1929-ஆம் ஆண்டின் சாரதா சட்டமும் தனிநபர் மசோதாவாகப் பிறந்ததுதான். அதுவும் பழைய நாடாளுமன்றத்தின் அதே வட்டக் கட்டடத்தில்தான் நிறைவேறியது. சமூகத்தில் வேர்விட்ட ஒரு கொடுமையின்மீது கைவைக்க அரசாங்கங்கள் தயங்கும்போது, தனி ஓர் ஆள் கையை உயர்த்தித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சிவாவின் மசோதாவுக்குத் தமிழ்நாட்டு வேர் ஒன்று உண்டு. திருநர்களுக்கென்று நாட்டிலேயே முதல் நலவாரியம் அமைந்தது இங்கே, 2008-இல். திருநங்கை என்ற மரியாதையான சொல் அரசு ஆணைகளில் ஏறியதும் அந்தக் காலத்தில்தான். அதற்கு முன் தெருவில் அவர்களை எந்தெந்தச் சொல்லால் கூப்பிட்டோம் என்பதை இங்கே எழுதவும் கூசுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத மூன்றாவது கட்டத்தில் பதிவானவர்கள் சுமார் 4.88 லட்சம் பேர். அதில் ஏறத்தாழ 55 ஆயிரம் பேர் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது, யாரோ ஒரு அம்மாவோ அப்பாவோ தன் பிள்ளையைப் பற்றி மறைக்காமல் பதில் சொல்லியிருக்கிறார்கள். 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ஏ.கே.சிக்ரி அமர்வு, பாலின அடையாளத்தைத் தீர்மானிப்பது அவரவர் உரிமை என்று தீர்ப்பளித்தது. திருநரைச் சமூக, கல்வி ரீதியில் பின்தங்கியோராகக் கருதி இடஒதுக்கீடு தரவும் அரசுகளுக்கு உத்தரவிட்டது. நீதிமன்றம் சொல்லி ஓராண்டு தாண்டியிருந்த நிலையில்தான் சிவாவின் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது.

சட்டம் இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஆண்டிலேயே சாட்சி இருக்கிறது. காவல் உதவி ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்த திருநங்கை பிரித்திகா யாஷினியின் விண்ணப்பம், படிவத்தில் அவருக்கான கட்டமே இல்லாததால் நிராகரிக்கப்பட்டது. தேர்வு எழுதுவதற்கே அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் படி ஏற வேண்டியிருந்தது. 2015 நவம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பிறகு தர்மபுரியில் பணியில் சேர்ந்தார். மற்றவர்கள் பேனாவால் ஒரு ‘டிக்’ அடித்துவிட்டுக் கடந்துபோகிற இடத்தைத் தாண்ட அவருக்கு நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது.

மாநிலங்களவை நிறைவேற்றிய மறுநாள் நேபாளத்தில் நிலநடுக்கம். செய்தித்தாள்களின் முதல் பக்கமெல்லாம் அந்தத் துயரத்துக்குப் போனது. மசோதா பற்றிய பேச்சு அடங்கிவிட்டது. அடுத்து அது போக வேண்டிய இடம் மக்களவை. அங்கே சிவாவின் கட்சிக்கு அதைக் கையில் எடுக்க ஓர் ஆள் இல்லை. ஒடிசாவின் பிஜு ஜனதா தளத்தைச் சேர்ந்த பைஜயந்த் பாண்டா அந்தப் பொறுப்பை ஏற்று 2016-இல் விவாதத்துக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டுக் கட்சி ஒன்றின் மசோதாவை ஒடிசாக்காரர் ஒருவர் தோளில் சுமந்தார் என்பதை நினைக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் மக்களவையில் அரசுக்குப் பெரும்பான்மை இருந்தது. 2016 ஆகஸ்டில் அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. சிவாவின் மசோதா கிடப்பில் கிடந்து, 2019-இல் அந்த மக்களவை கலைந்தபோது காலாவதியானது.

அரசின் மசோதாவில் இடஒதுக்கீடு இல்லை. தனி நீதிமன்றங்கள் இல்லை. முதல் வரைவில், திருநர் என்றால் முழுதாக ஆணும் அல்ல, முழுதாகப் பெண்ணும் அல்ல என்கிற மாதிரி ஒரு விளக்கம் எழுதியிருந்தார்கள். ஒருவர் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ள மாவட்ட அளவில் ஒரு குழு பரிசோதித்துச் சான்று தர வேண்டும் என்றும் இருந்தது. நாடு முழுக்கத் திருநர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்த விளக்கம் மாறியது. குழுவும் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய வாசகமும் நீங்கின. இவை போராடிப் பெற்றவை. ஆனால் மாவட்ட ஆட்சியரிடம் சான்று வாங்கும் ஏற்பாடு நின்றது. திருநர்மீதான பாலியல் கொடுமைக்குத் தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை என்பதும் நின்றது. பெண்ணை வன்புணர்வு செய்தால் குறைந்தது பத்து ஆண்டு என்று இருக்கும் நாட்டில், அதே உடல், அதே வலி, திருநங்கை என்றால் உச்சபட்சமே இரண்டு ஆண்டு. ஏன் இந்த வித்தியாசம் என்பதற்கு ஏற்கத்தக்க ஒரு பதிலை நான் இதுவரை கேட்டதில்லை.

2019 நவம்பர் 26. திருத்தப்பட்ட அரசு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. திருச்சி சிவா மறுபடி எழுந்தார். அவசரம் வேண்டாம், அவையின் தேர்வுக் குழுவுக்கு அனுப்பி ஆராயலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். இந்த முறை ‘ஒரே குரலில் போகலாம்’ என்று சொல்ல யாரும் எழவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 55, எதிர்ப்பு 74. அதன்பின் அரசின் மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 2020 ஜனவரி 10 முதல் அது நாட்டின் சட்டம். நான்கரை ஆண்டுக்கு முன் இதே அவை ஒருமனதாக ‘ஆம்’ என்று சொன்ன 2 சதவீதம் அதில் எங்கும் இல்லை.