அடிபந்தாட்டப் பாவனை விளையாட்டுகளில் எறிவாளர் களைப்பு

எறிவாளர் களைப்பு என்பது, பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தை அட்டை, பகடை அல்லது கணினி மூலம் ஆடும் பாவனை விளையாட்டுகளில், தொடர்ந்து பந்தெறியும் வீரரின் திறன் குறைந்து வருவதைக் காட்டும் விதிமுறை ஆகும். எந்த நேரத்தில் எறிவாளரை மாற்றுவது, மறுபடி அவரை எந்த நாளில் களமிறக்குவது என்ற இரண்டு முடிவுகளும் இவ்விதியைச் சார்ந்தே அமைகின்றன. இவ்வகை விளையாட்டுகளில் ஆடுபவர் அணியின் மேலாளராக இருந்து முடிவெடுப்பவர் என்பதால், களைப்பு விதியே அவருக்குக் கிடைக்கும் முதன்மையான சோதனை எனலாம்.

ஆட்டத்தில் எறிவாளரின் இடம்

கிரிக்கெட் அறிந்தவர்களுக்கு ஒரு வேறுபாட்டை முதலில் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் ஓர் ஓவர் முடிந்ததும் பந்து இன்னொருவர் கைக்குப் போகும். முதலில் வீசியவர் பிறகு திரும்பி வந்து வீசலாம். பேஸ்பாலில் அப்படியில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் எறிவாளர், மாற்றப்படும் வரை எல்லாப் பந்துகளையும் தாமே எறிகிறார். மாற்றப்பட்டு வெளியேறியவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் வர முடியாது. எறியும் மேட்டிலிருந்து மட்டையாளர் நிற்கும் இடம் வரை 60 அடி 6 அங்குலம். அந்தத் தொலைவுக்கு முழு வேகத்தில் ஏறத்தாழ நூறு முறை எறிவது தோளுக்கும் முழங்கைக்கும் கடுமையான வேலை.

ஆகவே அமெரிக்காவின் முதன்மைக் கூட்டிணைவுகளில் இன்று ஓர் அணி பொதுவாக ஐந்து தொடக்க எறிவாளர்களைச் சுழற்சி முறையில் பயன்படுத்துகிறது. ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். ஐந்தால் வகுத்தால் ஒருவருக்கு 32 அல்லது 33 ஆட்டங்கள் வரும்.

விதி ஏன் தேவை?

களைப்பே இல்லாத ஒரு பாவனை விளையாட்டை எண்ணிப் பாருங்கள். அணியின் தலைசிறந்த எறிவாளரை 162 ஆட்டங்களிலும், ஒவ்வோர் ஆட்டத்திலும் கடைசிப் பந்து வரை எறிய வைக்கலாம். மற்ற எறிவாளர்கள் அனைவரும் தேவையற்றவர்கள் ஆகிவிடுவார்கள். மேலாளர் எடுக்க வேண்டிய முடிவு என்று ஒன்றும் மிஞ்சாது. வரம்பு இருப்பதால்தான் தேர்வு இருக்கிறது; தேர்வு இருப்பதால்தான் அது விளையாட்டாகிறது.

அட்டையும் பகடையும்

இத்துறையில் புகழ்பெற்ற ஒன்று ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். ஹால் ரிச்மன் என்பவர் உருவாக்கி, 1961 முதல் விற்பனை செய்தது. இதில் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை உண்டு. மூன்று பகடைகள் உருட்டப்படும். ஒரு பகடை பத்தியைத் தீர்மானிக்கும்: 1, 2, 3 விழுந்தால் மட்டையாளரின் அட்டை, 4, 5, 6 விழுந்தால் எறிவாளரின் அட்டை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை அந்தப் பத்தியில் எந்த வரியைப் படிப்பது என்று காட்டும்.

இவ்விளையாட்டின் உயர்நிலை விதிகளில் எறிவாளரின் அட்டையில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அது அவர் எத்தனையாவது இன்னிங்ஸில் தளரத் தொடங்குவார் என்பதற்கான குறி. அந்த இன்னிங்ஸை எட்டியவுடனேயே அவர் களைத்துவிட்டதாகக் கொள்வதில்லை. அதன்பின் குறித்த அளவுக்கு மேல் எதிரணியினரைத் தளம் சேரவிட்டால்தான் களைத்தவராகக் கருதப்படுவார். அது முதல், அவரது அட்டையில் புள்ளியிடப்பட்ட வரிகள் பொருள் மாறுகின்றன. ஓய்வாக இருந்தபோது 'ஆட்டமிழப்பு' என்று படிக்கப்பட்ட வரி, களைத்தபின் 'ஒரு தள அடி' என்று படிக்கப்படும். அட்டையை மாற்றாமல், ஒரு சிறு புள்ளியைக் கொண்டே வீரரின் இரு நிலைகளையும் காட்டிவிடும் எளிய வழி இது.

ஒரு கணக்கு

அந்தப் புள்ளிகளின் விளைவை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் அளந்து பார்க்கலாம். ஓர் எறிவாளரின் அட்டையில் மூன்று வரிகளில் புள்ளி இருப்பதாகவும், அவை ஒரு பத்தியில் 6, இன்னொன்றில் 7, மற்றொன்றில் 8 என்ற கூட்டுத்தொகைகளில் இருப்பதாகவும் கொள்வோம். இரு பகடைகளில் 6 வர 36-இல் 5 வாய்ப்பு, 7 வர 6 வாய்ப்பு, 8 வர 5 வாய்ப்பு. மொத்தம் 16. ஒவ்வொரு பத்தியும் வர ஆறில் ஒரு வாய்ப்பு என்பதால், 216-இல் 16; அதாவது 7.4 விழுக்காடு.

ஓய்வாக உள்ளபோது அவர் நூறு மட்டையாளரில் 32 பேரைத் தளம் சேரவிடுபவர் என்றால், களைத்தபின் அந்த அளவு 39.4 ஆக உயரும். வரும் மூன்று பேரையும் வரிசையாக ஆட்டமிழக்கச் செய்யும் வாய்ப்பு 31 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறையும். மூன்று சிறு புள்ளிகள் ஓர் இன்னிங்ஸின் போக்கை எவ்வளவு மாற்றுகின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

இங்கேதான் மேலாளரின் சிக்கல் தொடங்குகிறது. காத்திருக்கும் மாற்று எறிவாளர் நூற்றுக்கு 34 பேரைத் தளம் சேரவிடுபவர் எனில், திறனில் அவர் ஒரு படி கீழானவர்தான். ஆயினும் களைத்த சிறந்தவரைவிடக் களைக்காத சாதாரணமானவர் இப்போது மேல். அதேவேளை, இவரை இன்று முழுமையாகப் பயன்படுத்திவிட்டால் நாளைய ஆட்டத்துக்கு இருக்க மாட்டார்.

ஆட்டத்துக்குள்ளும் ஆட்டங்களுக்கிடையிலும்

கணினியில் ஆடப்படும் பாவனை விளையாட்டுகள் பொதுவாக இன்னிங்ஸை விட்டு, எறிந்த பந்துகளின் எண்ணிக்கையைக் கொண்டு களைப்பைக் கணக்கிடுகின்றன. எட்டுப் பந்துகளில் முடிந்த இன்னிங்ஸும் முப்பது பந்துகள் இழுத்த இன்னிங்ஸும் கைக்கு ஒன்றல்ல என்பதே காரணம்.

இவ்வகையில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று அன்றைய ஆட்டத்தின் தாங்குதிறன். மற்றொன்று நாட்கணக்கில் நடக்கும் மீட்சி. ஓர் எறிவாளரின் வரம்பு 100 பந்துகள், ஓர் இரவில் 20 பந்துகளின் சுமை நீங்கும் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 95 பந்துகள் எறிந்தவர் ஆறாம் நாள் முழு ஓய்வுடன் வருவார். அவரை ஐந்தாம் நாளே அழைத்தால் 15 பந்துகளின் சுமை மீதமிருக்கும்; 85-ஆவது பந்திலேயே வரம்பைத் தொட்டுவிடுவார். ஐவர் சுழற்சி ஏன் ஐவர் சுழற்சியாக இருக்கிறது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. சில விளையாட்டுகளில், களமிறங்காமல் ஓரத்தில் உடலைச் சூடேற்றிக்கொள்ளும் மாற்று எறிவாளருக்கும் சிறிது சுமை ஏறும்.

காலத்துக்கேற்ற அளவு

பழைய பருவங்களை மீண்டும் ஆடிப்பார்ப்பது இவ்விளையாட்டுகளின் பெரிய ஈர்ப்பு. அதில் களைப்பு விதி ஓர் இடரைச் சந்திக்கிறது. 1884-இல் பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் சார்லஸ் ராட்போர்ன் ஒரே பருவத்தில் 678 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். தொடங்கிய 73 ஆட்டங்களையும் தாமே முடித்தார். 1920 மே 1 அன்று புரூக்ளின் அணியின் லியோன் கடோரும் பாஸ்டன் அணியின் ஜோ ஓஷ்கரும் 26 இன்னிங்ஸ் முழுவதையும் எறிந்தனர். ஆட்டம் 1–1 எனச் சமனில் முடிந்தது. இன்று 200 இன்னிங்ஸைக் கடக்கும் எறிவாளர்கள் மிகச் சிலரே. இன்றைய அளவுகோலை அன்றைய ராட்போர்னுக்கு வைத்தால் அவர் கோடைக்கு முன்பே விழுந்துவிடுவார். அன்றைய அளவுகோலை இன்றைய வீரருக்கு வைத்தால் களைப்பே இராது. எனவே நல்ல விளையாட்டுகள் காலத்துக்கேற்பத் தாங்குதிறனை மாற்றி வைக்கின்றன.

களைப்பும் பழக்கமும்

ஒரே எறிவாளரை மூன்றாம் முறை எதிர்கொள்ளும் மட்டையாளர்கள் முதல் முறையைவிட நன்றாக அடிக்கிறார்கள். இது முழுவதும் களைப்பால் வருவதன்று. அவரது பந்துகளைப் பார்த்துப் பழகியதும் ஒரு காரணம். பந்து எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் விதி இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும்.

விளையாட்டில் திரும்பும் கை

1998-இல் ரானி ஜசாயெர்லி, எறிவாளர் மீது சுமத்தப்படும் மிகைச்சுமையை அளக்க ஒரு புள்ளிமுறையை வகுத்தார். பின்னர் அது திருத்தப்பட்டு, நூறுக்கு மேல் எறிந்த பந்துகளின் எண்ணிக்கையை மும்மடிக்கு உயர்த்தும் வடிவம் பெற்றது. அதன்படி 110 பந்துகளுக்கு 1,000 புள்ளி, 120-க்கு 8,000, 130-க்கு 27,000. கடைசிப் பந்துகளின் சுமை முதல் பந்துகளைப் போன்றதல்ல என்பதே இதன் கருத்து.

உண்மையான முழங்கைக்கு இதன் பொருள் வேறு. 1974-இல் டாமி ஜான் என்ற எறிவாளரின் முழங்கைத் தசைநார் அறுந்தபோது, மருத்துவர் பிராங்க் ஜோப் அவரது மற்றொரு கையிலிருந்து எடுத்த தசைநாணைப் பொருத்திச் சீர்செய்தார். 1976-இல் களம் திரும்பிய ஜான், அதன்பின் 164 வெற்றிகள் பெற்றார். அந்த அறுவை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. எல்லோரும் அவரைப் போல் திரும்பிவிடுவதில்லை.

சிறுவர்கள் ஆடும் லிட்டில் லீக் அமைப்பு 2007-இல் பந்து எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. 11, 12 வயதினர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம் என்பது இன்றைய விதி. பார்ப்பதற்கு இது பாவனை விளையாட்டின் களைப்பு அட்டவணை போலவே இருக்கும். அட்டையில் உள்ள வீரர் அடுத்த பருவத்தில் புதிய அட்டையுடன் வந்துவிடுவார். வளரும் சிறுவனின் எலும்பு முனைகளுக்கு அந்த வசதி இல்லை. பகடை உருட்டி இவ்விதியைக் கற்றுக்கொண்ட ஒருவர், திடலில் 'இன்னும் ஒரே ஓர் இன்னிங்ஸ்' என்று கேட்கும் பயிற்சியாளருக்கு மறுப்புச் சொல்லத் தெரிந்துகொண்டால், விதியின் பயன் மேசையோடு நின்றுவிடாது.