உங்களுக்குத் தெரியுமா? பனியன் கொடுத்ததும் நொய்யல் இழந்ததும்

தொழில் வளர்ச்சி நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட, திருப்பூர் என்ற ஒரே ஊரின் கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம். அதில் வரவும் பெரிது, செலவும் பெரிது. வரவு ஒருவர் பேரில், செலவு வேறொருவர் பேரில் எழுதப்பட்டதுதான் வேதனை.

● திருப்பூரில் பனியன் தொழில் 1920-களிலேயே தொடங்கிவிட்டது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. நூல் பக்கத்திலேயே கிடைத்தது. ஏற்றுமதி சூடுபிடித்தது 1980-களில். இன்று இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஊருடையது.

● மழை பொய்த்தால் கூலி இல்லை என்றிருந்த குடும்பங்களின் பெண்கள் பனியன் கம்பெனிகளில் செக்கிங், கைமடி (தையல்காரருக்கு உதவும் வேலை) போன்ற வேலைகளில் சேர்ந்து, சனிக்கிழமை சம்பளத்தைத் தங்கள் கையில் வாங்கினார்கள். இந்த நன்மையை லேசாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும்கூட வந்து வேலை செய்கிறார்கள்.

● பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். தண்ணீரில் பருத்தி இழையும் எதிர்மின்னூட்டம் பெறுகிறது, பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னூட்டம் கொண்டது; ஆகவே ஒன்றையொன்று விலக்கும். உப்பு அந்த விலக்கத்தைத் தணித்து, சாயத்தை இழைக்குள் போகவைக்கிறது. நிறம் அடர அடர உப்பும் கூடும். கறுப்பு, கருநீலம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம்வரைகூடப் போடுவார்கள். வேலை முடிந்த பிறகு உப்பு துணியில் தங்குவதில்லை. போட்டது அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும்.

● கண்ணுக்குத் தெரிந்தது நிறம்தான். அதனால் நிறத்தைப் போக்குவதில்தான் முதலில் கவனம் போனது. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் சேர்த்தால் நிறம் பெரும்பாலும் அடியில் படிந்துவிடும், உப்பு படியாது. தெளிந்ததுபோல் தெரிந்த தண்ணீர் ஊர் வழியாகப் பாயும் நொய்யல் ஆற்றில் ஓடிக் கிணறுகளுக்குள் இறங்கியது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. சாயத் தொட்டியில் இருந்த 80 கிராம் என்பது 80,000 மில்லிகிராம். அலசிய தண்ணீரோடு கலந்து எவ்வளவு நீர்த்தாலும் அது நிலம் தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கவில்லை.

● நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அதில் சாயக்கழிவு தேங்கி நின்றது. அணையில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று வேண்டுபவர்கள்தான் விவசாயிகள்; இங்கே அவர்களே தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று போராடினார்கள்.

● அந்தப் போராட்டம் நீதிமன்றம் போனது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அது நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. தொழிலுக்கு எதிரான தீர்ப்பு என்று சிலர் வருந்தினார்கள். தாமதமாகக் கிடைத்த நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வேலை போய் மூட்டை கட்டிச் சொந்த ஊர் திரும்பிய தொழிலாளிக்கு, கழிவை ஆற்றில் விட்டதில் எந்தப் பங்கும் இல்லை. தண்டனை அவருக்கும் சேர்ந்தே கிடைத்தது.

● கெடுத்ததும் தொழில்நுட்பம், சரிசெய்ய வந்ததும் தொழில்நுட்பம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. நுண்ணுயிர்களால் கழிவைச் சிதைத்து, ஆர்.ஓ. சவ்வில் வடித்து, மிஞ்சும் உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறார்கள். தண்ணீரின் பெரும்பகுதியும் உப்பில் கணிசமான பங்கும் மறுபடி சாயத் தொட்டிக்கே திரும்புகின்றன. சாயமேற்றும் பழைய விஞ்ச் மெஷின்களுக்குப் பதிலாக வந்த சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள் தண்ணீர்ச் செலவையும் வெகுவாகக் குறைத்தன. உத்தரவை மதித்து முதலீடு செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அதே சமயம், அனுமதி இல்லாமல் பக்கத்து மாவட்டங்களில் முளைத்த பட்டறைகளும் உண்டு.

 

● உப்புக் கரைசலைக் காய்ச்சுவதற்கு வெப்பம் வேண்டும், ஆர்.ஓ. பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். திருப்பூர்க் கம்பெனிகள் பல, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலை போட்டிருப்பது இந்தக் கணக்கில் ஓர் ஆறுதல். இவ்வளவுக்குப் பிறகும் சாயத்துக்கு உதவாத கலப்பு உப்பும் கசடும் மிஞ்சுகின்றன. கசடில் ஒரு பகுதி சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. கலப்பு உப்போ மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலையங்களின் கூரைகளுக்குள் அடுக்கப்பட்டிருக்கிறது. அதை மழை படாமல் காக்கவேண்டும். நனைந்தால் கரைந்து ஓடிவிடும்.