வெயிலில் வேலை செய்யும் வெள்ளைப் பொடி

சகோதரிகளே, வேர்க்குருவுக்குக் காலமைன் லோஷன் பூசியிருப்போம். அதிலுள்ள வெள்ளைப் பொடிதான் துத்தநாக ஆக்சைடு. இதையே தலைமுடிக் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக, நானோ அளவில் செய்து, சாயத் தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தால் சாயம் சிதைகிறது, கிருமியும் சாகிறது.

எப்படி? டார்ச் பேட்டரி மாதிரி, இந்தப் பொடியின் ஒவ்வொரு படிகத்துக்கும் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின். வெயில் பட்டுக் கிளம்பும் மின்னூட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போய் அழுக்கை உடைக்கின்றன. 1972-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமா, ஹோண்டா இருவரும் டைட்டானியம் டை ஆக்சைடில் ஒளி பாய்ச்சித் தண்ணீரிலிருந்தே ஹைட்ரஜன் எரிபொருள் எடுத்துக் காட்டினார்கள்.

ஆனா, ‘நானோ ஃபில்டர்’ என்று யாராவது விற்க வந்தால், குழுவில் கடன் போடுமுன் கேளுங்க: உப்பும் ஃப்ளோரைடும் போகுமா? இந்தப் பொடி வெயிலில் செய்யும் வேலையால் அவை போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தர்மபுரிப் பக்கத்துக் குழுக்கள் முதலில் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்க.