‘ஆவி’ என்றால் நீராவி அல்ல!

“பையனோட புத்தகப் பையில பேனா மாதிரி ஒண்ணு இருந்துச்சு டாக்டர். மாம்பழ வாசனை அடிக்குது. கேட்டா, ‘இது சிகரெட் இல்லம்மா, வெறும் ஆவிதான்’னு சொல்றான்...”

இப்போதெல்லாம் என்னிடம் வரும் தாய்மார்கள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். முன்பெல்லாம் சட்டையில் பீடி நாற்றம், பாக்கெட்டில் தீப்பெட்டி என்றுதான் புகார் வரும். இதில் அந்த நாற்றமும் இல்லை, சாம்பலும் இல்லை. வீட்டில் சீக்கிரம் பிடிபடுவதே இல்லை!

முதலில் அந்த ‘ஆவி’யைப் பார்ப்போம். எங்கள் சித்த மருத்துவத்தில் வேது பிடிப்பது உண்டு, புகை போடுவதும் உண்டு. இரண்டும் வேறு வேறு. நொச்சி இலை போட்டு வேது பிடித்தால் வருவது நீராவி. இ-சிகரெட்டில் வருவது அது அல்ல. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு திரவங்கள், அவற்றோடு வாசனைச் சரக்கு, பெரும்பாலும் நிக்கோட்டினும்... இந்தக் கலவையை பாட்டரியில் சூடாகும் ஒரு சின்னக் கம்பிச்சுருள் கொதிக்க வைக்கிறது. நீங்கள் புகை என்று நினைப்பது அந்தத் திரவத்தின் பொடித்துளிகள்தான்.

சிகரெட்டில் இலை எரிகிறது. இழுக்கும்போது கங்கின் சூடு ஏறக்குறைய 900 டிகிரி. அந்தச் சூட்டில் தார், பென்சீன், கார்பன் மோனாக்சைடு என்று 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் பிறக்கின்றன. சுமார் 70 புற்றுநோய் தரக்கூடியவை. கார்பன் மோனாக்சைடு இருக்கிறதே, அது ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேப்பில் எதுவும் எரிவதில்லை. அதனால் தார் கிடையாது. கார்பன் மோனாக்சைடும் அநேகமாகக் கிடையாது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

(நான் சித்த வைத்தியன் என்பதால், “மூலிகை சிகரெட் பிடிக்கலாமா சார்?” என்றும் கேட்பார்கள். துளசியோ கிராம்போ, காகிதத்தில் சுற்றிக் கொளுத்தினால் தாரும் கார்பன் மோனாக்சைடும் வந்தே தீரும். மூலிகை என்பதற்காக நெருப்பு சலுகை காட்டாது!)

உடம்புக்குள் எவ்வளவு விஷம் போகிறது? சிறுநீரைச் சோதித்தால் தெரிந்துவிடும். 2017-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 181 பேரைச் சோதித்தார்கள். சிகரெட்டை அடியோடு விட்டு, பல மாதங்களாக வேப் மட்டும் இழுத்தவர்களிடம், புகையிலைக்கே உரிய ஒரு புற்றுநோய் நச்சு 97 சதவிகிதம் குறைவு. ஆனால் நிக்கோட்டின்? ஏறக்குறைய அதே அளவு! அடிமைத்தனம் அப்படியே இருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு கூட்டம். “ஆபீசில் வேப், டீக்கடையில் சிகரெட்” என்று இரண்டையும் வைத்துக்கொண்டவர்கள். இவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. 2018-ல் அமெரிக்காவில் 5,000-க்கும் மேற்பட்டவர்களின் சிறுநீர்ச் சோதனை முடிவு வெளியானது. அதில் இரண்டையும் பிடித்தவர்களிடம், சிகரெட் மட்டும் பிடித்தவர்களைவிடப் பல நச்சுகள் கூடுதலாகவே இருந்தன. நம் ஊர்க் குடும்பத் தலைவர்கள் சிலர் “குறைச்சுக்கிட்டேன்” என்று சொல்வது இந்த ரகம்தான்.

சரி, பையன் விஷயத்துக்கு வருவோம். அவன் இதுவரை சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்று வையுங்கள். பிறகு எதற்கு அவனைச் சிகரெட் பிடிப்பவரோடு ஒப்பிட வேண்டும்? நல்ல காற்றை சுவாசிக்கிறவனோடுதானே ஒப்பிட வேண்டும்! அதே அமெரிக்க ஆய்வில், எதையும் பிடிக்காதவர்களைவிட வேப் மட்டும் இழுத்தவர்களிடம் ஈயம், காட்மியம் போன்றவை கூடுதலாக இருந்தன. சூடாகும் கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் கசிவதும் தெரியவந்திருக்கிறது. சூடு அதிகமானால் அந்தத் திரவங்களே உடைந்து ஃபார்மால்டிஹைடு உண்டாகும். பிணம் கெடாமல் இருக்கப் போடுகிறார்களே, அதே சரக்கு!

“வாசனைச் சரக்கு மிட்டாயில் போடுவதுதானே?” என்பார்கள். வயிறு வேறு, நுரையீரல் வேறு. டைஅசிட்டைல் என்ற வெண்ணெய் வாசனைப் பொருளைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அதன் ஆவியை சுவாசித்த அமெரிக்க பாப்கார்ன் தொழிலாளிகளுக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் தழும்பேறிப் போயின. இது 2000-த்தில் வெளிவந்த விஷயம்.

இந்தியாவில் 2019-லிருந்து இ-சிகரெட் தயாரிப்பு, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் சட்டப்படி தடை. ஆகவே இங்கே கைக்கு வருவது அத்தனையும் கள்ளச் சரக்கு. குப்பிக்குள் இருப்பது என்ன என்று சோதித்தவர் யாரும் இல்லை.

பையனை அடிக்காதீர்கள். அடித்தால் ஒளித்து வைக்கும் இடம் மாறும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, காலையில் எழுந்ததும் தேடுகிறானா என்று விசாரியுங்கள். எழுந்ததும் தேடினால் நிக்கோட்டின் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சிகரெட்டை விட நினைக்கும் அப்பாக்களுக்கு டாக்டர் மேற்பார்வையில் நிக்கோட்டின் சூயிங்கம் உண்டு. மத்திய அரசின் இலவச ஆலோசனை எண் 1800-11-2356. கை பரபரக்கும்போது நான் ஏலக்காய் மெல்லச் சொல்வேன். அது மருந்து அல்ல, வாய்க்கு ஒரு வேலை.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தத் திரவக் குப்பியை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். பழ வாசனைக்குக் குழந்தை வாயில் வைத்துவிடும். கொஞ்சம் விழுங்கியிருந்தாலும், வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று விரலை விடாமல், குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.