பத்தொன்பது வெல்டிங்கும் போயிற்று!

ஒரு ராக்கெட் எஞ்சினிலிருந்து 19 வெல்டிங் இணைப்புகளை ஒரேயடியாக ஒழித்துவிட்டார்கள் என்றால், பீன்யா பட்டறைகளில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குத் திக்கென்றுதான் இருக்கும்.

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் அடுக்கு எஞ்சின் அது. பழைய முறையில் 14 பாகங்கள். 565 கிலோ உலோகம். பெரும்பகுதி கடைசலில் சுருளாகப் போகும். இப்போது ஒரே பாகம். பிடித்த தூள் 13.7 கிலோதான்! செய்தது பெங்களூரிலுள்ள விப்ரோ 3டி. 2024 மே 9-ம் தேதி நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் 665 விநாடி எரியவிட்டுப் பார்த்தார்கள், தேறிவிட்டது.

கோலமாவைவிட நைஸான உலோகத் தூளை இயந்திரம் ஒரு தகட்டின்மேல் மெல்லிய படலமாகப் பரப்புகிறது. கம்ப்யூட்டர் காட்டும் இடத்தை மட்டும் லேசர் உருக்குகிறது. தகடு இம்மியளவு இறங்குகிறது. மறுபடி தூள், மறுபடி லேசர். இப்படி ஆயிரக்கணக்கான படலங்கள். உலோகம் கெடாதிருக்க அறைக்குள் ஆர்கான் வாயு. 'டிக்' வெல்டிங்கில் நாம் பிடிக்கும் அதே ஆர்கான்தான்!

அப்படியானால் வெல்டர் கதி? பொருள் தகட்டோடு ஒட்டிக்கொண்டுதான் வெளியே வருகிறது. அதை அறுத்தெடுக்க, உட்துளைகளில் தங்கிய தூளை அகற்ற, சூடேற்றிப் பதப்படுத்த, தேய்க்க, எக்ஸ்ரே பிடித்துக் குறை பார்க்க ஆள் வேண்டும். உலோகம் உருகும் குணம் அறிந்தவர்கள் இதைச் சீக்கிரம் பழகிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

ஒன்று மட்டும். டைட்டானியம், அலுமினியத் தூள் எளிதில் தீப்பற்றும், நுரையீரலுக்கும் ஆகாது. முகமூடி, கையுறை தராமல் தூளை அள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.